பிரேமும் வாட்டும்: உயர்ரக கிராபிக்ஸ் கார்டுகளின் மின்கணக்கு

முப்பரிமாண கிராபிக்ஸ் கார்டுகள் 1990களின் நடுவில் கடைக்கு வந்தபோது, அவை எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு 1996இல் வெளியானது. அது செருகப்பட்ட பிசிஐ ஸ்லாட் தரக்கூடிய உச்ச அளவே 25 வாட்தான். அதற்குள் அது அடங்கி ஓடியது. சிப்பின் மேல் வெப்பம் கடத்தும் தகடுகூட இல்லாமல்தான் அந்தக் கார்டுகளில் பல விற்பனையாயின. ‘குவேக்’ விளையாட்டில் நொடிக்கு எத்தனை பிரேம் வருகிறது என்ற ஒற்றை எண்ணே கார்டின் தரத்தைத் தீர்மானித்தது.

1997இல் இன்டெல் கொண்டுவந்த ஏஜிபி ஸ்லாட் சுமார் 40 வாட் வரை கொடுத்தது. 1999இல் வந்த என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடியது. அந்த எல்லையில் முதலில் போய் முட்டியது 3டிஎஃப்எக்ஸ்தான். புதிய சிப் வடிவமைப்பில் பின்தங்கிவிட்ட அந்த நிறுவனம், ஒரே கார்டில் பல சிப்புகளை வைத்து வேகத்தை ஈடுகட்டப் பார்த்தது. 2000இல் வந்த வூடூ5 5500இல் இரண்டு சிப்புகள் இருந்தன. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் மின்வயர் ஒன்றை அந்தக் கார்டிலும் செருக வேண்டியிருந்தது. நான்கு சிப்புகள் கொண்ட வூடூ5 6000க்கு அந்த வழி சரிப்படவில்லை. சுவர் பிளக்கில் மாட்டும் தனி அடாப்டர் ஒன்றையே தயார் செய்தார்கள். மாதிரிக் கார்டுகள் சில உருவானதோடு சரி, விற்பனைக்கு அது வரவேயில்லை. 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை என்விடியா வாங்க ஒப்பந்தமானது.

இந்தத் துறையின் வரலாற்றில் இதே கதை பலமுறை திரும்ப வந்திருக்கிறது. வடிவமைப்பில் பின்தங்கியவர் மின்சாரத்தைக் கொட்டி இடைவெளியை அடைக்கப் பார்ப்பார். ஒரு கார்டு அளவுக்கு மீறிச் சூடாகி இரைந்தால், அதன் தயாரிப்பாளர் ஏதோ ஒரு இடத்தில் சறுக்கியிருக்கிறார் என்று கொள்ளலாம். 2022 வரை இந்தக் கணிப்பு பெரும்பாலும் பொய்க்கவில்லை.

அடுத்துச் சறுக்கியது என்விடியாவே. கனடாவின் ஏடிஐ நிறுவனம் 2002 ஆகஸ்டில் ரேடியான் 9700 புரோவை இறக்கியது. 150 நானோமீட்டர் முறையில் செய்த சிப், 10 கோடிக்கும் அதிகமான டிரான்சிஸ்டர்கள், 256 பிட் அகல மெமரிப் பாதை. பிளாப்பி டிரைவுக்கான சிறிய மின்கனெக்டர் ஒன்று மட்டும் கூடுதலாகத் தேவைப்பட்டது. என்விடியாவின் பதில் ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா. 130 நானோமீட்டர் என்ற புதிய முறையை நம்பி இறங்கியதால் அது தாமதமாகி, 2003 தொடக்கத்தில்தான் கைக்குக் கிடைத்தது. மெமரிப் பாதை 128 பிட் மட்டுமே. அந்தக் குறையை ஈடுகட்ட விலை உயர்ந்த டிடிஆர்2 மெமரியையும் 500 மெகாஹெர்ட்ஸ் கிளாக் வேகத்தையும் வைத்தார்கள். அப்படியும் மெமரியின் தரவு வேகம் நொடிக்கு 16 ஜிகாபைட்டைத் தாண்டவில்லை. ரேடியானுக்கு அது ஏறக்குறைய 20.

அவ்வளவு கிளாக் வேகத்தில் கிளம்பிய வெப்பத்தை வெளியேற்ற, கேபினட்டின் பின்பக்கத்திலிருந்தே காற்றை இழுத்து அங்கேயே வெளியே தள்ளும் ‘எஃப்எக்ஸ் ஃப்ளோ’ என்ற அமைப்பு கார்டின் மேல் உட்கார்ந்தது. அது பக்கத்து ஸ்லாட்டையும் அடைத்துக்கொண்டது. கேம் தொடங்கியதும் அதன் சின்ன விசிறி எழுப்பிய சத்தத்துக்காக ‘டஸ்ட்பஸ்டர்’ என்ற கையடக்கத் தூசி உறிஞ்சியின் பெயரையே பயனர்கள் அதற்குச் சூட்டினார்கள். என்விடியா ஊழியர்கள் தங்களையே கிண்டலடித்து ஒரு வீடியோவும் எடுத்தார்கள்: அதில் இந்தக் கார்டு தலைமுடி உலர்த்துகிறது, தோட்டத்து இலைகளை ஊதித் தள்ளுகிறது. சில மாதங்களிலேயே எஃப்எக்ஸ் 5900 வந்து அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டு ஸ்லாட் அகலம் என்ற அன்றைய கேலிப்பொருள்தான் பிற்காலத்தில் உயர்ரகக் கார்டுகளின் வழக்கமான உருவமானது.

இந்தச் சூட்டின் காரணம் எளிய கணக்கில் அடங்கும். டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்கச் செலவாகும் மின்சாரம் கிளாக் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் கூடும். கிளாக் வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும். இரண்டையும் 10 சதவீதம் ஏற்றினால் மின்செலவு 33 சதவீதம் ஏறுகிறது. கிடைக்கும் வேகமோ அதிகபட்சம் 10 சதவீதம். ஆக, ஒரு கார்டின் மின்சிக்கனம் சிப்பின் பிறவிக்குணம் மட்டுமல்ல, அந்தச் சிப்பைத் தயாரிப்பாளர் எந்த வோல்டேஜில் நிறுத்தி விற்கிறார் என்பதும் சேர்ந்ததுதான்.

ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் 1974இல் வெளியிட்ட கட்டுரை ஒரு நல்ல செய்தி சொல்லியிருந்தது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைத்துவிட்டால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கான மின்செலவு மாறாமல் இருக்கும். 30 ஆண்டுகள் இந்த விதி துறையைச் சுமந்தது. 2005 வாக்கில் மின்கசிவு பெருகி, வோல்டேஜை மேலும் இறக்க முடியாமல் போனபோது அது முறிந்தது. அதன்பின் ஒவ்வொரு தலைமுறையிலும் டிரான்சிஸ்டர்கள் இரட்டித்தன. மின்செலவு அதே வேகத்தில் இறங்க மறுத்தது.

2004இல் ஏஜிபியின் இடத்துக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தது. ஸ்லாட் வழியாக 75 வாட், 6-பின் கனெக்டர் ஒன்றுக்கு 75 வாட், பின்னர் 8-பின் கனெக்டருக்கு 150 வாட் என்று படிகள் வகுக்கப்பட்டன. மூன்றையும் கூட்டினால் 300. நீண்ட காலம் உயர்ரகக் கார்டுகளின் உச்சவரம்பாக இருந்தது இந்த எண்தான். 2006 நவம்பரில் வந்த ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் இரண்டு 6-பின் கனெக்டர்களோடு, 68 கோடி டிரான்சிஸ்டர்களோடு வந்து எதிரில்லாமல் நின்றது. அதே ஆண்டில் ஏடிஐயை வாங்கியிருந்த ஏஎம்டி, 2007இல் ரேடியான் எச்டி 2900 எக்ஸ்டியைக் கொண்டுவந்தது. 8-பின் கனெக்டரை வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்த முதல் கார்டுகளில் ஒன்று அது. 512 பிட் மெமரிப் பாதை இருந்தும் 8800 ஜிடிஎக்ஸை அதனால் எட்ட முடியவில்லை. சில மாதங்களில் 55 நானோமீட்டரில் வந்த எச்டி 3870, ஏறக்குறைய பாதி மின்சாரத்தில் அதே வேகத்தைக் கொடுத்தது.

அந்தப் பாடம் ஏஎம்டிக்கு உதவியது. பெரிய சிப்பை விட்டுவிட்டு நடுத்தர அளவுச் சிப்பை நேர்த்தியாகச் செய்யும் வழிக்கு அது மாறியது. 2008 ஜூனில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 280 வந்தபோது அதன் சிப் பரப்பு 576 சதுர மில்லிமீட்டர், மின்வரம்பு 236 வாட், விலை 649 டாலர். அதே மாதம் வந்த எச்டி 4870இன் சிப் அதில் பாதிப் பரப்புகூட இல்லை. விலை 299 டாலர். வேகத்தில் சற்றே பின்னால் நின்றது, அவ்வளவுதான். என்விடியா சில வாரங்களிலேயே விலையை 499 டாலராக இறக்க வேண்டியதாயிற்று.

மின்சிக்கனம் வாங்குபவர்களின் பேச்சுக்குள் நுழைந்தது 2010 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 480ஆல். ஃபெர்மி என்று பெயரிட்ட அதன் சிப்பில் 300 கோடி டிரான்சிஸ்டர்கள். அறிவியல் கணக்கீடுகளுக்கும் பயன்பட வேண்டும் என்று திட்டமிட்ட சிப் அது. விளையாட்டுக்குத் தேவையில்லாத பல உறுப்புகள் அதற்குள் இருந்தன. சிப்புகளைச் செய்துதரும் டிஎஸ்எம்சியின் 40 நானோமீட்டர் முறை இன்னும் பக்குவப்படாத நேரத்தில் அவ்வளவு பெரிய சிப்பைச் செய்யப்போனதில் பழுதில்லாதவை மிகக் குறைவாகத் தேறின. சிப்பின் பகுதிகளை இணைக்கும் கம்பிவலையில் கோளாறு இருந்ததாக என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் பின்னர் விளக்கினார். 512 கணிப்பான்களில் 480 மட்டுமே இயங்கும் சிப்புகள் விற்பனைக்குப் போயின.

மின்வரம்பு 250 வாட் என்று அறிவித்திருந்தார்கள். கடுஞ்சோதனையில் 300 வாட்டையும் தாண்டியது. சாதாரண விளையாட்டிலேயே வெப்பநிலை 90 டிகிரி செல்சியஸைக் கடந்தது. வெப்பக்குழாய்கள் உறைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தன. உறையின் முகப்பிலேயே உலோகத்தகடு வெளியே தெரிந்தது. அதைத் தொட்டால் கை சுடும். அதன்மேல் முட்டை வறுத்துக் காட்டும் வீடியோக்கள் பரவின. இத்தனைக்குப் பிறகும், ஆறு மாதம் முன்பே 188 வாட் வரம்போடு வந்திருந்த ஏஎம்டியின் எச்டி 5870ஐ அது முந்தியது சுமார் 10 முதல் 15 சதவீதம் மட்டுமே. வேலையின்றிச் சும்மா இருக்கும்போதும் ஏஎம்டி கார்டு 27 வாட்டில் தூங்கியது. அதே ஆண்டு நவம்பரில் குறைகளைச் சீர்செய்து 512 கணிப்பான்களையும் இயக்கிய ஜிடிஎக்ஸ் 580 வந்தது. 244 வாட் வரம்புக்குள் அது வேகமாகவும் அமைதியாகவும் ஓடியது. அதே 40 நானோமீட்டர் முறைதான்.

கார்டுகளை ஒப்பிடும் முறையும் இந்தக் காலத்தில்தான் வளர்ந்தது. தொடக்கத்தில் பத்திரிகைகள் சுவர் பிளக்கில் ஒரு மீட்டரை மாட்டி, முழுக் கம்ப்யூட்டரின் மின்செலவையும் படித்து, கார்டை மாற்றி மறுபடி படித்தன. இதில் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் வீணாக்கும் மின்சாரமும் சேர்ந்துவிடும். வேகமான கார்டு பிராசஸருக்கும் கூடுதல் வேலை கொடுப்பதால் அந்தச் செலவும் கார்டின் தலையில் விழும். ரஷ்யாவின் எக்ஸ்-பிட் லேப்ஸ் போன்ற சில தளங்கள் கார்டுக்குள் போகும் வயர்களிலும் ஸ்லாட்டிலும் தனித்தனியாக மின்னோட்டத்தை அளந்தன. அதுவே சரியான வழி என்று பின்னர் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். 2020இல் என்விடியாவே அப்படி அளக்கும் சிறு கருவி ஒன்றை விமர்சகர்களுக்குக் கொடுத்தது. பார்க்க எளிமையாக இருந்தும் கார்டை வாட்டி எடுக்கும் ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருள், இரு நிறுவனங்களுக்கும் தலைவலியானது. அது ஓடுகிறது என்று தெரிந்ததும் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டை டிரைவரிலும் கார்டிலும் வைத்தார்கள். டிடிபி என்று அறிவிக்கும் மின்வரம்பும் இரு நிறுவனங்களுக்கு ஒன்றல்ல: சில கார்டுகளில் அது உச்சவரம்பு, சிலவற்றில் வழக்கமான செலவு, சில காலம் சிப்புக்கு மட்டுமான கணக்கு. அறிவித்த எண்களை மட்டும் வைத்து வாட்டுக்கு இத்தனை பிரேம் என்று வகுத்துச் சொல்லும் ஒப்பீடுகள் பலவும் தடுமாறுவது இங்கேதான்.

ஃபெர்மியில் பட்ட சூடு என்விடியாவை மாற்றியது. 2012இல் வந்த கெப்லர் வடிவமைப்பு, கணிப்பான்களை மட்டும் இரட்டைக் கிளாக் வேகத்தில் ஓட்டும் பழைய உத்தியைக் கைவிட்டது. அதிக எண்ணிக்கையில், மெதுவாக ஓடும் கணிப்பான்களை வைத்தது. ஆணைகளை வரிசைப்படுத்தும் வேலையில் ஒரு பகுதியை மென்பொருளுக்குத் தள்ளிவிட்டது. ஜிடிஎக்ஸ் 680 195 வாட் வரம்போடு, 250 வாட் வரம்பு கொண்ட எச்டி 7970ஐ விஞ்சியது.

அதைவிடப் பெரிய பாய்ச்சல் என்விடியாவின் அடுத்த வடிவமைப்பான மேக்ஸ்வெல். 28 நானோமீட்டருக்கு அடுத்து வந்த 20 நானோமீட்டர் முறை கிராபிக்ஸ் சிப்புகளுக்குச் சரிப்படவில்லை. ஆகவே தொழிற்சாலையின் தயவில்லாமல், பழைய முறையிலேயே சிக்கனத்தைத் தேட வேண்டியிருந்தது. 2014 பிப்ரவரியில் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட்டில், தனிக் கனெக்டரே இல்லாமல் ஓடியது. செப்டம்பரில் வந்த ஜிடிஎக்ஸ் 980க்கு வரம்பு 165 வாட். அது 250 வாட் ஜிடிஎக்ஸ் 780 டிஐயை முந்தியது, அதுவும் 2,880க்குப் பதில் 2,048 கணிப்பான்களை வைத்துக்கொண்டு. ரகசியத்தின் ஒரு பகுதி 2016இல்தான் வெளிப்பட்டது. திரையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் தரவையும் சிப்புக்குள் இருக்கும் கேஷ் மெமரியிலேயே வைத்து வரையும் முறையை மேக்ஸ்வெல் கையாள்வதை டேவிட் கான்ட்டர் என்ற ஆய்வாளர் சோதித்துக் காட்டினார். கணக்குப் போடுவதைவிட, தரவை வெளி மெமரிக்கு அனுப்பித் திரும்ப எடுப்பதுதான் அதிக மின்சாரம் தின்னும் வேலை. போக்குவரத்தைக் குறைத்தவர் சிக்கனத்தில் ஜெயித்தார். இந்த வரலாற்றில் பொறியியலுக்காகவே பாராட்ட வேண்டிய தலைமுறை ஒன்றைச் சொல்வதென்றால் அது இதுதான்.

ஏஎம்டி இதே ஆண்டுகளில் எதிர்த்திசையில் போனது. 2013 அக்டோபரில் வந்த ஆர்9 290எக்ஸ், 95 டிகிரியில் ஓடுவது இயல்பு என்றே வடிவமைக்கப்பட்டிருந்தது. சூடு ஏற ஏற கிளாக் வேகம் இறங்கியதால் முதல் சில நிமிடங்களின் பிரேம் எண்ணிக்கை பிறகு நிலைக்கவில்லை. ஆகவே கார்டைச் சூடேற்றிய பிறகே அளவெடுக்கும் வழக்கம் விமர்சகர்களிடம் வலுப்பெற்றது. 2014இல் இரண்டு சிப்புகளோடு வந்த ஆர்9 295எக்ஸ்2வின் வரம்பு 500 வாட். அதில் இருந்தவை இரண்டு 8-பின் கனெக்டர்கள் மட்டுமே. விதிப்படி ஸ்லாட்டையும் சேர்த்து 375 வாட்டுக்கு மேல் போகக்கூடாது.

ஆனாலும் ஏஎம்டியின் சிப்புகள் ஊதாரிகள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 2015 ஜூனில் எச்பிஎம் என்ற அடுக்கு மெமரியோடு 275 வாட்டில் வந்த ஆர்9 ஃப்யூரி எக்ஸுக்குப் பிறகு, செப்டம்பரில் ஆர்9 நானோ வந்தது. அதே சிப், அதே 4,096 கணிப்பான்கள். வரம்பு மட்டும் 175 வாட். வேகத்தில் இழந்தது 10 சதவீதத்தை ஒட்டிய அளவே. 2017இல் வந்த வேகா 64இலும் இதையே பார்க்கலாம். 295 வாட் வரம்போடு வந்த அது, 180 வாட் ஜிடிஎக்ஸ் 1080க்குத்தான் சமமாக நின்றது. வாங்கியவர்கள் தாங்களே வோல்டேஜைக் குறைத்து, வேகம் குறையாமல் மின்செலவை இறக்கினார்கள். சில கார்டுகளில் வேகம் கூடவும் செய்தது. அண்டர்வோல்டிங் என்ற இந்தப் பழக்கத்தை, எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கார்டுகளால் தோண்டியவர்கள் தொழிலாகவே நடத்தினார்கள். அவர்களுக்கு மின்கட்டணம்தான் முதல் செலவு; வாட்டுக்கு எவ்வளவு வேலை என்ற கணக்கை விளையாடுபவர்களைவிடக் கறாராகப் பார்த்தார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் கார்டுகள் தேவைப்படாத வேறு முறைக்கு மாறியதும் அந்தத் தொழில் முடிந்தது.

2020இல் இடங்கள் மாறின. என்விடியா ஆம்பியர் சிப்புகளைச் சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்தது. ஏஎம்டி மேம்பட்ட டிஎஸ்எம்சி 7 நானோமீட்டரில் இருந்தது. மேக்ஸ்வெல் பாடத்தையும் கற்று, 128 மெகாபைட் கேஷைச் சிப்புக்குள்ளேயே வைத்தது. ஆர்டிஎக்ஸ் 3090 350 வாட், ஆர்எக்ஸ் 6900 எக்ஸ்டி 300 வாட். கதிர்த்தடம் (ரே டிரேசிங்) இல்லாத விளையாட்டுகளில் இரண்டும் அருகருகே ஓடின. சராசரியைவிட, ஒரு கணத்துக்கு எகிறும் மின்னோட்டம் இப்போது பிரச்சினையானது. மில்லிநொடிகளுக்கு வரும் எழுச்சியைத் தாங்காமல் சில எஸ்எம்பிஎஸ்கள் கம்ப்யூட்டரையே அணைத்தன. 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, அறிவித்த திறனின் இரண்டு மடங்கு வரையிலான நொடிப்பொழுது எழுச்சியைத் தாங்கச் சொன்னது.

2022 அக்டோபரின் ஆர்டிஎக்ஸ் 4090 பழைய கணிப்பைப் பொய்யாக்கியது. எதிரியே இல்லாத கார்டு, ஆனால் வரம்பு 450 வாட். சிப் வீணடிக்கவில்லை, டிஎஸ்எம்சிக்குத் திரும்பிய என்விடியா 7,600 கோடி டிரான்சிஸ்டர்களை வைத்து, வாட் கணக்கிலும் அன்றைய முன்னணியைப் பிடித்திருந்தது. வரம்பை 70 சதவீதமாக இறக்கினாலும் வேகம் ஒற்றை இலக்கச் சதவீதமே குறைந்ததைப் பல சோதனைகள் காட்டின. கிடைத்த சிக்கனத்தை மின்கட்டணத்தில் மிச்சம் பிடிக்காமல், முழுவதையும் பிரேமாக மாற்றி விற்கும் வழக்கம் இங்கே நிலைபெற்றது.

அதன் விலையை 4090இன் புதிய 16-பின் கனெக்டர் கொடுத்தது. பழைய 8-பின்னில் 150 வாட் என்றால் 12 வோல்ட்டில் 12.5 ஆம்பியர், மூன்று பின்கள் பகிர்ந்துகொண்டால் ஒன்றுக்கு 4 ஆம்பியர் சொச்சம். புதியதில் 600 வாட், 50 ஆம்பியர். ஆறு பின்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 8.3. பின்னின் தாங்குதிறனோ 9.5தான். ஒரு பின் சரியாகப் பதியாமல் போனால் மற்றவற்றின் மேல் சுமை ஏறும். சில வாரங்களிலேயே உருகிய கனெக்டர்களின் படங்கள் வரத் தொடங்கின. முழுதாகச் செருகாததே காரணம் என்று என்விடியா கூறியது. 2023இல் திருத்திய கனெக்டரில் உணர்பின்களைக் குட்டையாக்கினார்கள். சரியாகச் செருகாவிட்டால் கார்டு இயங்காது.

2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090இன் வரம்பு 575 வாட். வீட்டு மிக்ஸி சில நிமிடங்களுக்கு இழுக்கும் மின்சாரத்தை இது மணிக்கணக்கில் இழுக்கும். தயாரிப்பு முறை 4090க்கு இருந்ததேதான் என்பதால் தொழிற்சாலை கொடுத்த சிக்கனம் எதுவுமில்லை. 4கே திரையில் வேகம் சுமார் 30 சதவீதம் கூடியது; மின்வரம்பு 28 சதவீதம் கூடியிருந்தது. ஒப்பீட்டின் மறுபாதியான பிரேமும் இப்போது குழம்பிவிட்டது. கணிப்பான்கள் வரைந்த ஒவ்வொரு பிரேமுக்கும் இடையில் மூன்று வரை செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிச் செருகும் வசதியை நம்பித்தான், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 தங்கள் 4090க்கு நிகர் என்று ஹுவாங் மேடையில் அறிவித்தார். அந்தப் பிரேம்களை எண்ணிக்கையில் சேர்ப்பதா கூடாதா என்பதைப் பொறுத்து, வாட்டுக்கான பிரேம் இரண்டு மூன்று மடங்கு மாறும். கறாரான சோதனைகள் அவற்றைத் தனிப்பட்டியலில் வைக்கின்றன.

ஏஎம்டி அந்த ஆண்டு உச்சப் போட்டிக்கே வரவில்லை. மார்ச்சில் அது இறக்கிய ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டிக்கு 304 வாட். அதே சிப்பில் எட்டில் ஒரு பகுதியை அணைத்து, கிளாக் வேகத்தையும் இறக்கி விற்ற ஆர்எக்ஸ் 9070க்கு 220 வாட். வேகத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் 10 முதல் 15 சதவீதம், அறிமுக விலையில் 50 டாலர்.